இருபுறமும் சரிவு

கிளைச் சிறை,
மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வாய்ப்பில்லை என்று செய்தித்தாளில் படித்தேன். தாடை இரண்டு இடத்தில், இடது தொடை ஒரு இடத்தில், வலது மணிக்கட்டு. பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் பல் மருத்துவர் என்பதால் அது உள்வீட்டு விவகாரம் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் நீங்கள் பேச முடியாது. எனக்கு இங்கே தொலைபேசி கிடையாது. ஆகவே நீங்கள் என் அக்காவைக் கட்டிய இந்தப் பதினாறு வருஷத்தில் முதல்முறையாக நாம் கடிதம் எழுதிக்கொள்ளப் போகிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்களை அடித்தேன். நான்கு அடி. முதல் இரண்டும் வாயில், மூன்றாவது விலாவில், நான்காவது தாடையில். அதை நான் எங்கும் மறுக்கவில்லை. மறுக்கவும் வழியில்லை, பின்னால் ஏறிவந்த வங்கி ஊழியர்களில் ஒருவர் அதைக் கைபேசியில் படம் எடுத்திருக்கிறார். ஆனால் நான் தள்ளவில்லை. நான்காவது அடிக்குப் பிறகு நீங்கள் ஒரு எட்டு பின்னால் வைத்தீர்கள். அங்கே மலை இல்லை. அதைப் பார்த்த வங்கி ஊழியர் அலறிக்கொண்டு கைபேசியைக் கீழே போட்டுவிட்டார். எனவே நான் அடித்தது படத்தில் இருக்கிறது. நீங்கள் விழுந்ததும் நான் மறுபக்கம் குதித்தது இல்லை.

இன்ஸ்பெக்டர் மலை ஏறுகிறவர் அல்ல. ஆறு வருஷமாக மாதத்தின் முதல் ஞாயிறு நாம் இருவரும் அந்த முகட்டில் ஏறுகிறோம், உச்சிக்கு முன்னால் அறுபது அடி நீளத்துக்குப் பாறை சுவர் மாதிரி மெலிந்துவிடும், அதைக் கத்தி என்று சொல்வோம், இரண்டு பக்கமும் செங்குத்து என்று அவருக்குச் சொன்னேன். அந்த இடத்தில் இடுப்போடு இடுப்பாகக் கயிறு கட்டிக்கொள்வோம் என்றேன். ஒருவன் இடப்பக்கம் விழுந்தால் மற்றவன் உடனே வலப்பக்கம் குதிக்க வேண்டும், அப்போதுதான் கயிறு முகட்டில் மாட்டி இரண்டு பேரும் தொங்குவார்கள் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒருத்தன் விழுந்தா, நல்லா நிக்கிறவனும் சேர்ந்து குதிக்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அறிக்கையில் நான் உங்களைத் தள்ளியதாகவும், கட்டியிருந்த கயிற்றை மறந்ததால் நானும் கூடவே போனதாகவும் எழுதினார். வரைபடத்தில் இருவரையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறார். மறுபக்கம் தாளில் இடம் இல்லையாம்.

வழக்கு கொலை முயற்சி. தள்ளினேனா இல்லையா என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். உள்ளதைச் சொல்லுங்கள். அடித்ததற்கு என்ன உண்டோ அதை வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

*

எலும்பு முறிவுப் பிரிவு, படுக்கை 9,
மார்ச் 19

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குகள் ரசீது தவிர எதுவும் எழுதிப் பழகாதவர்கள் என்று நினைத்திருந்தேன்.

முதலில் பிழைகளைத் திருத்திவிடுகிறேன். அடி நான்கு அல்ல, ஐந்து. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே உன் முழங்கை என் மூக்கில் பட்டது. நீ அதைக் கணக்கில் சேர்க்காதது உன் வேகத்தால் இருக்கலாம். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் வேரோடு போயின. கோரைப்பல் ஒன்று பாதியில் உடைந்து உதட்டுக்குள் சிக்கியிருந்தது. அதை எடுத்தவர் எனக்கு மூன்று வருஷம் இளையவர். எடுத்த விதத்தைப் பார்த்தபோது நீ அடித்ததே மேல் என்று தோன்றியது. தாடைக் கம்பியை முறுக்கும்போது அவர் பாட்டு முணுமுணுத்தார். நானும் என் நோயாளிகளிடம் அப்படிச் செய்வது உண்டு. இனிச் செய்யமாட்டேன்.

நீயும் ஒன்றை மறைக்கிறாய். நான் ஊன்றுகோலால் உன் காதில் அடித்தேன். இரும்பு முனை பட்டு உன் காதுமடல் கிழிந்து தொங்கியதைப் பார்த்தேன். அது தற்காப்பு என்பதால் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

வாக்குமூலம் பற்றிக் கேட்டிருக்கிறாய். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். என்னால் பேச முடியாது. கழுத்தில் பட்டை, தலையாட்டவும் முடியாது. ஆமாம் என்றால் ஒரு விரல், இல்லை என்றால் இரண்டு விரல் என்று ஏற்பாடு செய்துகொண்டார். "உங்க மச்சான்தான் தள்ளினாரா?" என்று கேட்டார். இடது கையில் ஊசி செருகியிருந்தது. வலது கை முழுக்கக் கட்டு; வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஆள்காட்டி விரல் மட்டும். அதைத் தூக்கினேன். வேறு எதைத் தூக்குவது?

அந்தக் கட்டைப் பிரித்து ஐந்து நாள் ஆகிறது. இப்போது எழுத முடிகிறது. அவசரப்பட்டு எதையும் எழுதிக் கொடுக்க விரும்பவில்லை.

நான் மலையில் சொன்னது ஒரு வேடிக்கைப் பேச்சு. அதற்கு இப்படி ஒரு மறுமொழி எந்தப் படித்த குடும்பத்திலும் கிடையாது. இருக்கட்டும். உன் அக்கா இதுவரை ஒருநாளும் இங்கே எட்டிப் பார்க்கவில்லை. உன் வீட்டில், உன் மனைவியோடு இருப்பதாகக் கேள்வி. படுக்கை எட்டுக்கும் பத்துக்கும் மனைவிமார்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உறிஞ்சுகுழல் பிடிக்க ஒரு ஊழியர் வருகிறார், அவருக்குக் கை நடுங்குகிறது. அவளை வரச் சொல்.

உன் அத்தான்

*

கிளைச் சிறை,
மார்ச் 26

அன்புள்ள அத்தானுக்கு,

ஐந்து என்று திருத்திக்கொள்கிறேன். முழங்கை தெரிந்து பட்டதல்ல.

காதில் ஏழு தையல். என் பக்கத்துப் படுக்கைக்காரர் தராசுக் கல்லால் தன் கூட்டாளியின் மண்டையைப் பிளந்து வந்தவர். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நாலா அஞ்சான்னு எழுதிக் கேக்குற குடும்பத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றார். இங்கே நேற்று தட்டு கழுவும் வரிசையில் ஒருவன் இன்னொருவனின் கட்டைவிரலைக் கடித்துத் துப்பினான். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. நாம்தான் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

அக்கா இங்கே வந்தாள். இன்னும் இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டித்தான் இருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் காறை எலும்பு உடைந்தது என்று பிப்ரவரியில் நீங்கள் சொன்னீர்கள், அவளும் சொன்னாள். நானும் போய் அந்தக் குளியலறைத் தரையில் சொரசொரப்பான விரிப்பு ஒன்றை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நீங்கள் நன்றி சொன்னீர்கள்.

இப்போது உங்கள் வேடிக்கைப் பேச்சுக்கு வருவோம். கத்தி ஆரம்பிக்கும் இடத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். நான் முடிச்சைப் போட்டுக் காட்டியது உங்களுக்குத் திருப்தியாக இல்லை. "உங்க அக்காவுக்கு ஒரு தடவை கொடுத்தாப் போதும், பட்டுனு புரிஞ்சுக்கும். உனக்குத்தான் மூணு தடவை சொல்லணும்" என்றீர்கள். சொல்லிவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தீர்கள். எனக்கு அது புரிய இருபது அடி ஆனது. நான் மெதுவாகப் புரிந்துகொள்கிறவன் என்பதில் உங்களுக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. கூப்பிட்டேன், திரும்பினீர்கள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கிட்டே வந்தேன், அடித்தேன். பல் உடையும் சத்தம் முறுக்கைக் கடித்த மாதிரி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உங்கள் ரத்தம் என் மூக்குக்கண்ணாடியில் பட்டு உலகம் சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பில்தான் நீங்கள் இடப்பக்கம் மறைந்தீர்கள். நான் வலப்பக்கம் குதித்தேன்.

தோள் கழன்றது. மூச்சு வந்ததும் முதலில் கேட்டது உங்கள் குரல். முகட்டுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், நடுவே ஒரு பாறையும் தேய்ந்துகொண்டிருக்கும் கயிறும். உடைந்த தாடையோடு "விட்டுறாத மச்சான்" என்று முனகினீர்கள். என் கையில் பேனாக்கத்தி இருக்கிறது என்று சொன்னேன். "அக்கா எலும்ப ஒடச்சது யாரு? சொல்லு, இல்ல அறுத்துருவேன்" என்றேன். உங்களை அப்போதுதான் முதல்முறை ஒருமையில் பேசினேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னீர்கள். ஊன்றுகோலால் அடித்தேன் என்று சொன்னீர்கள். அரை மணி நேரம் கழித்து வங்கிக்காரர்கள் வந்து இழுத்தார்கள்.

லிஃப்டில் பெட்டியும் எதிர்எடையும் ஒரே கயிற்றில் தொங்கும். ஒன்றை அறுத்தால் மற்றது நிற்காது. அன்று நான் கயிற்றை அறுத்திருந்தால் உங்களுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். இது உங்களுக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்குப் பதினேழு வருஷப் படிப்பு.

தள்ளவில்லை என்று எழுதிக் கொடுங்கள். அதை மட்டும்தான் கேட்கிறேன்.

உங்கள் மைத்துனன்

*

எலும்பு முறிவுப் பிரிவு, படுக்கை 9,
ஏப்ரல் 4

மைத்துனனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வலி, இரண்டாம் முறை எரிச்சல்.

கயிறு பற்றி நீ சொல்வது சரி. தொடை எலும்பு சதைக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்த நிலையில் எனக்கு இயற்பியல் நினைவுக்கு வரவில்லை. ஆனால் மிரட்டி வாங்கிய வார்த்தைக்கு எந்த நீதிமன்றத்திலும் மதிப்புக் கிடையாது, தெரிந்துகொள்.

அதைவிட முக்கியம், நான் சொன்னதை நீ மாற்றி எழுதியிருக்கிறாய். ஊன்றுகோல் என்று நான் சொல்லவே இல்லை. மனைவியைக் கோல் எடுத்து அடிப்பவன் காட்டுமிராண்டி. என்னை அந்த வரிசையில் வைக்க உனக்கு என்ன உரிமை? நான் கையால் தள்ளினேன். ஒரே ஒரு தள்ளு, வலது உள்ளங்கையால். படுக்கையறைக் கதவின் நிலை அங்கே இருந்தது. அதை நான் கட்டவில்லை. அவள் மூன்றாவது தடவையாகப் பேச்சை வளர்த்தாள். முந்தைய இரண்டு தடவையும் கன்னத்தோடு விஷயம் முடிந்தது, எலும்பு வரை போகவில்லை. பதினாறு வருஷத்தில் இதைத் தவிர வேறு எந்த எலும்பு முறிவும் இல்லை என்பதை நீ யோசிக்க வேண்டும். நான் ஒரு மருத்துவர். எவ்வளவு அழுத்தினால் எது தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். இருபத்தைந்தாம் தேதி நீதிமன்றம் என்னிடம் நேரில் கேட்கப் போகிறது. சக்கர நாற்காலியில் வருகிறேன். நீ தள்ளவில்லை, நானே கால் பிசகி விழுந்தேன், எனக்குக் குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்கே நீ வெளியே போய்விடலாம் என்று என் வக்கீல் சொல்கிறார். பதிலுக்கு நீ செய்ய வேண்டியது இரண்டு. உன் அக்கா குளியலறையில்தான் விழுந்தாள் என்று உன் கைப்பட எழுதிக் கொடு. அவளை வீட்டுக்கு அனுப்பு. பதினெட்டாம் தேதி என்னை வீட்டுக்கு விடுகிறார்கள். ஆறு மாதம் என்னைத் திருப்பிப் படுக்கவைக்க, கழுவிவிட, வாய்க்குக் குழல் வைக்க ஒரு ஆள் வேண்டும். கூலிக்கு வருகிறவர்களுக்கு அக்கறை இருக்காது.

உனக்கும் ஒரு மனைவி இருக்கிறாள். உன் வீட்டில் அரிசி வேகவேண்டும். யோசித்து எழுது.

உன் அத்தான்

*

கிளைச் சிறை,
ஏப்ரல் 12

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் எனக்கு மூன்றாவது ஆளாகத்தான் கிடைத்தது. உள்ளே வரும் கடிதங்களை இங்கே ஒரு எழுத்தர் படித்துப் பார்த்து, பக்கத்துக்கு ஒரு வட்ட முத்திரை குத்தி, தேதி போட்டுத் தருவார். உங்கள் கடிதத்தை அவர் படித்துவிட்டுச் சிறை அதிகாரியிடம் காட்டியிருக்கிறார். முத்திரை சரியாகக் கதவின் நிலை என்று நீங்கள் எழுதிய சொல்லுக்கு மேலே விழுந்திருக்கிறது. வாசிக்கத் தடையில்லை.

ஊன்றுகோல் என்று வேண்டுமென்றே தப்பாக எழுதித் தூண்டில் போட்டேன் என்று நினைப்பீர்கள். எனக்கு அவ்வளவு புத்தி இருந்திருந்தால் மலையில் அடித்திருக்க மாட்டேன், தரையில் அடித்திருப்பேன். பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வாய் நிறைய ரத்தத்தோடு நீங்கள் பேசியதில் எனக்குக் காதில் விழுந்தது அதுதான். என் காதும் பாதிதான் இருந்தது.

என் வக்கீல் இளைஞர், கடிதத்தைப் படித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த ஒரு கடிதம் போதும், இதைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி உங்களை மடக்கிவிடலாம், இருபத்தைந்தாம் தேதி நான் வெளியே என்றார். பக்கத்துப் படுக்கைக்காரரும் அதையேதான் சொல்கிறார். "பல்லு போனவன் சொல்லும் போச்சு, புடிச்சு அமுக்கு" என்கிறார்.

எனக்கு வெளியே வர வேண்டும். அதில் வீரம் எதுவும் காட்டப்போவதில்லை. இங்கே நாற்பது பேருக்கு ஒரு தண்ணீர்க் குழாய். போன வாரம் என் தோளை மறுபடி கழற்றினார்கள்; குளிக்கிற வரிசையில் என் முறை வந்ததுதான் குற்றம். காவலர் ஒருவர் வந்து, பெஞ்சில் முழங்காலை ஊன்றி, திரும்ப மாட்டிவிட்டார். நான் கத்தியதில் எழுத்தர் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். அந்தக் கடிதம் இப்போது என் சட்டைக்குள் இருக்கிறது. தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

வரும் ஞாயிறு அக்கா வருகிறாள்.

உங்கள் மைத்துனன்

*

எலும்பு முறிவுப் பிரிவு, படுக்கை 9,
ஏப்ரல் 15

மச்சான்,

இந்தக் கடிதத்தை நர்ஸ் கையில் கொடுத்து நேராக உன் வக்கீலிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன், தபாலில் போடவில்லை. முந்தின கடிதத்தை உன் அக்காவிடம் காட்டாதே. எழுத்தர் அதைப் படித்திருந்தால் படித்துவிட்டுப் போகட்டும், அவர் எதற்கு ஊர் வம்பை இழுக்கப் போகிறார், தாள் நம் கையில் இருந்தால் போதும். என் வக்கீல் என்னைத் திட்டினார். ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். தப்பாக எழுதியிருந்தான், திருத்தினேன் என்றேன்.

அந்தக் கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடு. நீ எதையும் எழுதித் தர வேண்டாம், அந்த நிபந்தனை போகட்டும். அவள் வீட்டுக்கு வந்தால் சரி. வந்தால் போதும். இருபத்தைந்தாம் தேதி நீ வெளியே. சத்தியம்.

கொடுக்காவிட்டால் நீதிமன்றத்திலும் ஒரு விரல்தான் தூக்குவேன். இப்போது ஐந்தும் அசைகிறது, ஆனாலும் ஒன்றுதான். கொலை முயற்சிக்குப் பத்து வருஷம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து வருஷத்தில் உன் தோள் எத்தனை தடவை கழலும் என்று கணக்குப் போட்டுப் பார்.

நேற்று கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வாயைத் திறந்து முதலில் அவள் பெயரைத்தான் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன மருந்து வேண்டும் என்று கேட்டார்.

அத்தான்

*

கிளைச் சிறை,
மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

நீதிமன்றத்தில் பார்த்தது. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறீர்கள். நீங்கள் விரலைத் தூக்கியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, சொன்னபடி செய்தீர்கள். நீதிபதி நான்கு அடி என்று படித்தபோது நான் எழுந்து ஐந்து என்று சொன்னதை நீங்களும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வக்கீல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு முடிய இரண்டு வருஷம் ஆகலாம், அதற்குப் பிறகு என்ன என்பது இப்போது சொல்வதற்கில்லை என்கிறார்.

கடிதம் என்ன ஆனது என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். சம்மன் வந்திருக்குமே. ஆனாலும் முறையாக நான் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிறு அக்கா வந்தாள். நடுவே கம்பி வலை, பேச இருபது நிமிடம். கைக்கட்டை அவிழ்த்துவிட்டாள். கை தோளுக்கு மேலே போகவில்லை. கடிதத்தை அவளிடம் தருமாறு காவலரிடம் கொடுத்தேன், அதற்குப் பிறகு வந்த உங்கள் கடைசிக் கடிதத்தையும் கொடுத்தேன். வெளியே வருவதற்கு வழி இதுதான் என்று அதையும் சொன்னேன். மறைத்துச் செய்தால் அது இன்னொரு குளியலறையாகிவிடும் என்று தோன்றியது.

அவள் நின்றுகொண்டே படித்தாள். கதவு நிலை வந்த இடத்தில் நிறுத்தி, அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். எனக்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

"நீ வெளிய வரணுமா?" என்று கேட்டாள்.

வரணும் என்றேன்.

"நான் அங்க திரும்பிப் போகணுமா?"

வேண்டாம் என்றேன்.

"ரெண்டுல ஒண்ணுதான்டா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கடிதத்தை நான்காக மடித்து இடது கையில் வைத்துக்கொண்டாள். அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போயிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் அதை வாங்க யோசித்தாராம், குடும்ப விஷயம் என்றாராம். சிறை முத்திரை இருப்பதைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாராம். அரசாங்கம் படித்த கடிதம் ஆயிற்றே.

அவள் என்னை உள்ளே விட்டுவிட்டாள் என்று என் மனைவி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார்களாம். இரண்டு பேரும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்கா வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். உங்களைத் திருப்பிப் படுக்கவைக்க யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நேற்று மறுபடி வந்தாள். இருபது நிமிடத்தில் பதினெட்டு நிமிடம் என் சாப்பாடு, தோள், வக்கீல் என்று பேசினாள். மணி அடிக்கப் போகிற நேரத்தில், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள்:

"எல்லாஞ் சரி. அன்னிக்கு நீ எதுக்குடா குதிச்சே?"

இன்ஸ்பெக்டர் கேட்டபோது என்னிடம் பதில் இருந்தது. வக்கீல் கேட்டபோதும் இருந்தது. அவளிடம் கயிற்றைப் பற்றி ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். நான் சும்மா நின்றிருந்தால் உங்கள் எடை என்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் குதித்தபோது நான் அதை நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை.

"பழக்கம்க்கா" என்றேன்.

மணி அடித்தது. அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கும் பதினாறு வருஷம் அதான்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படிக்கு,
மைத்துனன்